ஓடாத காருக்கு ஒயில்

கல்யாண வீடொன்றில் ஒரே சஹன் தட்டில் சாப்பிட அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த பெண் என்னிடம் கேட்டார்: “டீச்சர், எங்கட இவரு காருக்கு ஒயில் மாத்துறதே இல்ல. கேட்டா, ஓடினாத்தானே மாத்தோணும் எண்டு சொல்றாரு. மெய்யா எத்தின மாசத்துக்கு ஒருக்கா மாத்துற?”

அவருக்கு ஒரு வரியில் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு அது போதாது என்று பட்டது. முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். ஒரு வரியில் சொன்ன விதியைப் பிள்ளைகள் மனனம் செய்வார்கள், செய்து பார்க்கமாட்டார்கள். அதனால் எனக்கும் என் தம்பி முபீனுக்கும் இடையே ஒரு வருட காலம் போய்வந்த கடிதங்களை இங்கே தருகிறேன். அவன் மனைவி பஸ்மினாவோடு டோஹாவில் இருந்தான்; நான் என் கணவரோடு, அதாவது அவனுடைய மச்சானோடு, மருதமுனையில். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் நாற்பத்தொரு பேர். குரல் செய்தி அனுப்பினால் யாராவது குசினியில் வைத்துச் சத்தமாகப் போட்டுவிடுவார்கள். எனவே கார் விஷயத்தை மட்டும் கடிதத்தில் வைத்துக்கொண்டோம். ஊருக்கு வருகிறவர், போகிறவர் பெட்டிகளில் அவை பயணம் செய்தன.

இருவரும் ஆளுக்கொரு விஷயத்தை மறைத்தோம். வாசிக்கிறவர் எங்களைவிட விரைவாகப் பிடித்துவிடுவார்.

*

டோஹா
24.11.2023

அன்பின் ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பஸ்மினாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? மச்சானின் கண்ணுக்கு டொக்டர் என்ன சொன்னார்?

காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்ற வருடம் லீவில் வந்து அதை வாங்கிய கையோடு புது ஒயில் ஊற்றி, உங்கள் கொட்டிலில் விட்டுவிட்டு வந்தேன். அப்போது மீட்டரில் 61,240. ஒயில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஆகவே 66,240 வரும் வரை நீங்கள் அதைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. நான் சொன்னபடி வெள்ளிக்கிழமைகளில் மச்சான் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் சரி. ரோட்டுக்கு எடுக்க வேண்டாம். ஒருவருக்குக் கொடுத்தால் ஊருக்கே கொடுக்க வேண்டி வரும். முக்கியமாகப் பக்கத்து வீட்டுச் சப்ரிக்கு வேண்டாம். அவன் உழவு மெஷினை வாய்க்காலுக்குள் இறக்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

என்ஜின் சத்தம் எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். அது நல்லபடியாக இருக்க வேண்டும், ராத்தா.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
தம்பி முபீன்

*

மருதமுனை
17.12.2023

என் தம்பி முபீனுக்கு, அல்லாஹ்வின் அருள் உண்டாகட்டும்.

இங்கே பத்து நாளாக விடாத மழை. கிட்டங்கித் தாம்போதி ரோட்டுக்கு மேலால் வெள்ளம் பாய்கிறது. சவளக்கடைப் பக்கம் போகிறவர்கள் சுற்றிப் போகிறார்கள். என் முழங்கால் மழைக்கு முதல் நாளே தகவல் சொல்லிவிடுகிறது. மச்சானுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதாம்.

உன் சொல் தவறாமல் நடக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் மச்சான் பள்ளியால் வந்து, தொப்பியும் கழற்றாமல் காருக்குள் ஏறி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் இருப்பார். பிறகு இறங்கி, “நல்லா இரைஞ்சிச்சு” என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்காருவார். பதினாறு மாதத்தில் ஒரு வெள்ளியும் தவறவில்லை. மீட்டர் இப்போது 61,243. அந்த மூன்று கிலோமீட்டரும் கொட்டிலில் இருந்து முற்றத்துக்குப் போய்வந்ததாக இருக்க வேண்டும்.

போன வெள்ளி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தேன். மூடியின் உள்பக்கம் பால் தேநீர் நிறத்தில் களி மாதிரி ஒட்டியிருந்தது. வீரமுனையில் இருக்கிற மெக்கானிக் தம்புவைக் கூப்பிட்டேன். அவர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“டீச்சர், இது எவ்வளவு தூரம் ஓடின கார்?”

“ஓடவே இல்ல தம்பு. பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறதுதான்.”

“அதுதான் பிழை. ஓடியிருந்தா இப்பிடி வராது.”

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சோற்றுப் பானையை மூடி, மெல்லிய நெருப்பில் வைத்துப் பார். மூடியின் உள்ளே நீர் கோர்த்துத் திரும்பப் பானைக்குள்ளேயே சொட்டும். என்ஜினும் அப்படித்தான். பத்து நிமிடத்தில் அது இளஞ்சூடாகிறது. உள்ளே ஈரம் உண்டாகிறது. அந்த ஈரம் ஆவியாகிப் போகும் அளவுக்குச் சூடு ஏறுமுன் மச்சான் சோற்றுக்குப் போய்விடுகிறார். எழுபது வெள்ளிக்கிழமை ஈரம் உன் ஒயிலுக்குள் இருக்கிறது.

பஸ்மினாவுக்கு என் ஸலாம்.
ராத்தா நஸீறா

*

டோஹா
09.01.2024

அன்புள்ள ராத்தா, ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்த அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று கிலோமீட்டர் ஓடிய ஒயில் எப்படிப் பழுதாகும் என்று இங்கே வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “உன் வீட்டில் பால்மா டின்னில் கிலோமீட்டரா எழுதியிருக்கிறது, திகதியா?” என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

என்ஜின் போய்விட்டதா? தம்பு உண்மையைச் சொல்கிறாரா, உங்களுக்கு ஆறுதல் சொல்கிறாரா? உடனே ஒயிலை மாற்றுங்கள். ஓட்டத்தான் வேண்டும் என்றால் ஓட்டட்டும். ஆனால் யார் ஓட்டுவது? மச்சானின் கண்ணோடு முடியாது. சப்ரி வேண்டாம்.

ராத்தா, அந்தக் கார் போனால் எனக்கு வேறு கார் இல்லை. இன்னும் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்குமா என்று தம்புவிடம் கேளுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பஸ்மினா ஸலாம் சொல்கிறா. எல்லோரும் நலம்.
முபீன்

*

மருதமுனை
10.03.2024

அன்பின் தம்பிக்கு, உன் சுகத்தை அல்லாஹ் காப்பானாக.

பதில் எழுதப் பிந்திவிட்டது. ஒரு சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டொரு நாளில் தலைநோன்பு. வீடு கழுவி, திரைச்சீலைகள் துவைத்து முடித்தாயிற்று.

கார் விஷயம். ஜனவரியில் தம்பு ஒயிலை இறக்கினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாளிக்குள் விழுந்ததை ஒயில் என்று சொல்ல மனம் வரவில்லை. தேங்காய்ப்பால் திரைந்த ஆணம் மாதிரி இருந்தது. அவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

“டீச்சர், இதில ரெண்டு விசயம் இருக்கு. ஒண்டு, ஓடாம நிண்டு வந்த ஈரம். அப்பிடியெண்டா ஒயிலை மாத்தி, கிழமைக்கு ஒருக்கா நல்லாச் சூடேற ஓடினாப் போதும், என்ஜின் தப்பும். மற்றது, ரேடியேட்டர் தண்ணி உள்ளுக்குக் கசியுது. அப்பிடியெண்டா என்ஜினை இறக்கித்தான் பாக்கோணும்.”

“எது எண்டு எப்பிடித் தெரியும்?”

“ஓடித்தான் தெரியும். தண்ணி மட்டம் குறையுதா எண்டு பாருங்க. மூடியில திரும்பவும் பால் பிடிக்குதா எண்டு பாருங்க.”

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வந்து ஓட்டினார். நோன்புக்கு முன் நேற்று மறுபடி ஒயிலும் பில்டரும் மாற்றினோம். முதல் ஒயில் உள்ளே கழுவுவதற்கு மட்டுந்தானாம். இனி வயல் அறுவடை, அவருக்கு நேரமில்லை. ஆகவே வேறோர் ஆளைப் பிடித்திருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் நிந்தவூர் வரை போய்த் திரும்புவது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் குறையாது. பயப்படாதே, சப்ரி இல்லை. நம்பிக்கையான ஆள். நாற்பதுக்கு மேல் போவதில்லை. ஹோன் அடிக்கக் கூச்சம். மாடு குறுக்கே வந்தால் மாடு போகும் வரை நிற்கும்.

நீ கேட்ட ஒரு லட்சம் கிலோமீட்டர் கேள்விக்குத் தம்பு இன்னும் பதில் தரவில்லை.

நோன்பில் எங்களை நினைத்துக்கொள்.
ராத்தா

*

டோஹா
02.04.2024

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு, நோன்பு நேரத்து ஸலாம்.

இருபத்துமூன்று நோன்பும் அல்லாஹ் காவலில் போய்விட்டது. பஸ்மினா உங்கள் கஞ்சியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறா.

யார் அந்த ஆள்? நாற்பதுக்கு மேல் போகாத, ஹோன் அடிக்காத டிரைவர் நம் ஊரில் இருக்கிறாரா? மாடு போகும் வரை நிற்கிறவர் என்றால் வயதானவராக இருக்க வேண்டும். மீராசா காக்காவா? அவருக்குக் காது கேளாதே! சாலிஹ் என்றால் பரவாயில்லை, ஆனால் அவன் சவூதியில். எனக்கு ஒரு பெயர் எழுதுங்கள், நிம்மதியாகத் தூங்குவேன்.

அறுபத்திரண்டு வயதில் உங்களுக்கு என்ன சோதனை?

இன்னொன்று. கிழமைக்கு இரண்டு முறை கொழும்புக்குப் போய்வர இந்தக் காருக்கு முடியுமா? அப்படி ஓடினால் ஒயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரும்? சும்மாதான் கேட்கிறேன்.

முபீன்

*

மருதமுனை
28.04.2024

மச்சான் முபீனுக்கு ஷரிபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாள் நல்லபடியாக முடிந்தது. கண் சத்திர சிகிச்சை ஆனி மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் ராத்தா பதில் எழுத நேரமில்லை என்று என்னை எழுதச் சொன்னா. யார் ஓட்டுகிறார்கள் என்பதை எழுதக்கூடாது என்று வாக்கு வாங்கியிருக்கிறா. நான் வாக்கு மாறுகிறவன் அல்லன். ஆகவே அதை எழுதவில்லை.

எழுதக்கூடியதை எழுதுகிறேன். காரின் முன்னாலும் பின்னாலும் சிவப்பில் ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கிறது. கல்முனையில் வாகனம் பழக்கும் டிலக்சினி என்ற பிள்ளை பக்கத்து சீட்டில் இருப்பா. நான் பின் சீட்டில் இருந்து ஓதிக்கொண்டு போவேன். முதல் நாள் காரைதீவுச் சந்தியில் கார் மூன்று தரம் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்காரன் ஹோனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. டிலக்சினி சொன்னா, “பயப்பிடாதீங்க டீச்சர், அவர் கத்தட்டும். கிளட்ச்சை மெல்ல விடுங்க.” உடனே ராத்தா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, “மகன், நீங்க எந்த ஸ்கூல்?” என்று கேட்டா. அவன் ஹோனை விட்டுவிட்டான்.

வருகிற மே 22ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு ஒரு காரியம் இருக்கிறது. என்ன காரியம் என்று சொல்லமாட்டேன். துஆச் செய்யுங்கள்.

உங்கள் மச்சான்
ஷரிபுதீன்

*

டோஹா
20.05.2024

என் ராத்தாவுக்கு,

ஸலாம் சொல்லிவிட்டுச் சிரிக்கிறேன், சிரித்துவிட்டு ஸலாம் சொல்கிறேன். மச்சானின் கடிதத்தை நான்கு தரம் வாசித்தோம். பஸ்மினா கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “ஷரிபுதீன் காக்கா எவ்வளவு நல்லா வாக்கைக் காப்பாத்தியிரிக்காரு!” என்கிறா.

முதலில் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. முழங்கால் வலியோடு கிளட்ச் மிதிக்கிறீர்களே என்று. பிறகு யோசித்தேன். என் காரைக் காப்பாற்றத்தான் நீங்கள் புத்தகம் தூக்கிக்கொண்டு சோதனைக்குப் போயிருக்கிறீர்கள். அதற்கு மேல் நான் மறைப்பது சரியில்லை.

ராத்தா, என் வேலை ஆகஸ்டோடு முடிகிறது. கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது. ஜனவரி முதல் கிழமையிலேயே கடிதம் தந்துவிட்டார்கள். பஸ்மினாவைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து அந்தக் காரை வாடகைக் காராக ஹயருக்கு ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதனால்தான் ஒரு லட்சம் கிலோமீட்டர் என்றும் கொழும்பு என்றும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொரு வயதில் எனக்கு இருக்கிற அடுத்த வேலை அந்த என்ஜின்தான்.

ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் துஆவில் இருப்போம்.
முபீன்

*

மருதமுனை
14.06.2024

தம்பி முபீனுக்கும் பஸ்மினாவுக்கும், ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்தும் ஸலாமும்.

நீ வேலையைப் பற்றி எழுதியது எனக்குப் புதினம் இல்லை. லீவில் வருகிறவன் லட்சம் கிலோமீட்டர் கேட்கமாட்டான். ‘சும்மா’ என்று இரண்டு கடிதத்தில் எழுதியிருந்தாய். வகுப்பில் ஒரு பிள்ளை “சும்மா கேட்டேன் டீச்சர்” என்றால் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீயாகச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

இனிப் பதில். ஐந்து மாதமாக ஒவ்வொரு சனியும், என்ஜின் ஆறிக் கிடக்கும்போது தண்ணீர் மட்டத்தைக் கொப்பியில் குறித்தேன். ஒரு நூல் அளவும் குறையவில்லை. மூடியில் பால் பிடிக்கவில்லை. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் தேன் நிறத்தில் இருக்கிறது. தம்பு நேற்று வந்து, காதை வைத்துக் கேட்டு, கொப்பியையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், கசிவு இல்ல. ஈரந்தான் இருந்தது, போயிட்டுது. தம்பியை வரச் சொல்லுங்க, ஓடட்டும்.”

ஒயிலை எப்போது மாற்றுவது என்று கேட்டாய். நீ கொழும்புக்கு ஓடத் தொடங்கினால் ஐயாயிரம் கிலோமீட்டர் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். அப்போது மீட்டரைப் பார். ஓட்டம் இல்லாத காலத்தில் மாதத்தைப் பார். எது முந்தி வருகிறதோ அதுதான் கணக்கு. மாதம் மறக்காமல் இருக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: நோன்புக்கு முன் ஒருமுறை, மீலாத் மாதத்துக்கு முன் ஒருமுறை. இரண்டுக்கும் இடையில் ஆறு மாதம். வீடு கழுவும்போது காரும் நினைவுக்கு வரும்.

மற்றக் காரியம்: 22ஆம் திகதி பாஸ். பரிசோதகர், “பின்னுக்கு எடுக்கும்போது ஏன் அவ்வளவு நேரம் பார்த்தீங்க?” என்று கேட்டார். “சோதனை எழுதின பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாத்துத்தான் குடுக்கோணும் எண்டு முப்பத்திரண்டு வருசம் சொல்லிக் குடுத்திரிக்கன், சேர்” என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

கவலைப்படாமல் வாருங்கள். கார் காத்திருக்கிறது.
ராத்தா

*

மருதமுனை
22.10.2024

அக்குறணையில் இருக்கும் ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மகள் பஹ்மிதாவும் குழந்தையும் சுகமா? பேரனுக்கு யாரின் மூக்கு? மச்சான் இப்போது கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிப்பதாகப் போனில் பெருமையடிக்கிறார். நாங்கள் வந்த வாரமே ஒயில் மாற்றினோம் அல்லவா, அதற்குப் பிறகு 3,100 ஓடியிருக்கிறது. என்ஜின் பஞ்சு மாதிரி.

ஆனால் ஒரு முறைப்பாடு. ஹயர் நினைத்த அளவுக்கு இல்லை. கொழும்புக்குப் போகிறவர்கள் வேனில் போகிறார்கள். உள்ளூர் ஓட்டம்தான் மிச்சம். அதிலும் போன் வந்தால் கதை இப்படிப் போகிறது:

“மனே, காரு இரிக்கா? ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.”

“இரிக்கு மாமி. இப்ப வாறன்.”

“நீயா வாறாய்? ராத்தா இல்லியா?”

“அவ அக்குறணைக்குப் போயிரிக்கா. ஏன், என்னோட வந்தா என்ன?”

“உன்னோட வந்து என்னத்தக் கதைக்கிற? கிளினிக்குக்குப் போற பொம்புளைக்கு வழியில ஆயிரம் கதை இரிக்கும். டீச்சர் வந்தாப் பொறகு சொல்லு.”

நேற்று மட்டும் மூன்று பேர் இப்படி. ஒருவர் தன் மகளின் கிளினிக் திகதியையே நீங்கள் வரும் கிழமைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறா! நீங்கள் போகுமுன் ஊரில் யார் யாரை ஏற்றித் திரிந்தீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வாங்கியவன் நான். கேட்கப்படுகிறவர் நீங்கள்.

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், ராத்தா. கிழமையில் சில நாள் நீங்கள் ஓட்டுவீர்களா? பொம்புளைகளின் ஓட்டம் முழுவதும் உங்களுடையது. இல்லாவிட்டால் என் ஹயர் நடக்காது.

எப்போது வருகிறீர்கள்? நானே வந்து ஏற்றுகிறேன்.
முபீன்

*

அக்குறணை
03.11.2024

என் முதலாளித் தம்பிக்கு, ஸலாம்.

பேரனுக்கு உன் மூக்குத்தான். அல்லாஹ் அவனுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். நாற்பது நாள் முடிந்து குழந்தைக்குத் தலைமுடி இறக்கியாயிற்று. மகள் எழுந்து நடக்கிறாள். பதினாறாம் திகதி வா.

திங்களும் வியாழனும் கிளினிக் நாட்கள். அந்த இரண்டு நாளும் கார் என்னுடையது. மற்ற நாளில் நீ எங்கே வேண்டுமானாலும் ஓடு. ஆனால் கேட்டுக்கொள்: இப்போது கார் தினமும் இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓடி ஓடி நிற்கும். அது நன்றாகச் சூடேறாத ஓட்டம். ஐயாயிரம் வரட்டும் என்று காத்திராதே, நான்காயிரத்தில் மாற்றிவிடுவோம். இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இந்த ஊர் ரோட்டுகள் எனக்குப் பிடிக்கவில்லை, எல்லாம் ஏற்றமும் வளைவும். ஆகவே மஹியங்கனை வரை நீ ஓட்டு. அங்கே இறங்கி, பிளேன்ரீ குடித்துவிட்டுக் காரின் திறப்பை என்னிடம் தா. அதற்குப் பிறகு நேர் ரோட்டு. பிரயாணத்தில் மச்சான் முன் சீட்டில் இருப்பார்; இப்போது மாடு அவருக்கு அரை மைலுக்கு முன்னமே தெரிகிறது. நீ டோஹாவில் இருந்து வந்து இன்னும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை என்று பஸ்மினா சொன்னா. வரும்போது ஒரு தலையணை கொண்டு வா. பின் சீட்டில் படுத்துக்கொள். மருதமுனை வந்ததும் எழுப்புகிறேன்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா நஸீறா

*

நாளைக் காலையில் ஒரு துண்டுத் தாளில், உங்கள் காருக்குக் கடைசியாக ஒயில் மாற்றிய மீட்டர் இலக்கத்தை எழுதுங்கள். அதற்குக் கீழே அந்தத் திகதியையும் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.